பின்னால் தட்ட ஆளில்லாத லொறி

1

ஊரில் ஒரு லொறியைப் பின்னுக்கு எடுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் ஓட்டுவார். மற்றவர் பின்னால் நின்று லொறியின் பின்பலகையில் கையால் தட்டுவார். கல்முனைச் சந்தையடியில் நின்ற எவருக்கும் அந்தச் சத்தம் தெரியும். இரண்டு தட்டு என்றால் வரலாம். விடாமல் மெல்லத் தட்டினால் இடம் ஒடுக்கம், பார்த்து வா. பலமாக ஒரே தட்டு என்றால் நில். சாரதி கண்ணாடியைப் பார்ப்பதில்லை. பல லொறிகளில் பார்க்கக் கண்ணாடியே இருக்காது. ஜன்னலால் தலையை வெளியே போட்டு, தட்டுகிற கைக்குக் காது கொடுப்பார்.

இங்கே ஜெர்மனியில் ஒரே ஆள்தான். ஓட்டுபவரே பார்க்க வேண்டும், ஓட்டுபவரே நிறுத்த வேண்டும்.

என் கணவர் றபீக்குக்கு முப்பத்தைந்து வயது. ஊரில் பத்து வருடத்துக்கு மேல் லொறியோடு கிடந்தவர். ஊர் லைசன்ஸ் இங்கே செல்லாது என்பதால், ஒரு போக்குவரத்துக் கம்பனியில் அப்பிரண்டிஸாகச் சேர்ந்து முதலிலிருந்து பழகுகிறார். கிழமையில் சில நாள் வகுப்பு, சில நாள் லொறி. கூடப் பழகுபவர்கள் மீசை அரும்பும் வயதினர். இவரை அவர்கள் தங்கள் மொழியில் 'கிழவா' என்று கூப்பிடுகிறார்கள். மரியாதைக் குறைவாக இல்லை, பிரியமாகத்தான். இவரும் திரும்பிப் பார்க்கிறார்.

இந்தப் பழகலின் மேல்தான் எங்கள் மூன்று பேருடைய இருப்பும் நிற்கிறது. எங்களுக்கு நிரந்தர விசா இல்லை. பயிற்சி ஒப்பந்தம் இருக்கும் வரை நீட்டித் தருவோம் என்று வெளிநாட்டவர் அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள். செய்முறைப் பரீட்சைக்கு மூன்று தடவை போகலாம். மூன்றிலும் தவறினால் ஒப்பந்தம் முடியும். ஒப்பந்தம் முடிந்தால் விசா முடியும். இதில் நான் செய்யக்கூடியது ஒன்றுமே இருக்கவில்லை.

இப்போது முடிவு தெரிந்துவிட்டது. ஆனாலும் நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன். நான் படவரைஞராகப் படித்தவள். அளவு வைக்காமல் கோடு இழுக்க எனக்கு வராது.

2

ஊரில் லொறி பழகுகிறவனுக்கு அப்பிரண்டிஸ் என்று பேர் இல்லை, கிளீனர் என்றுதான். இவர் தன்னுடைய மூத்த சகோதரரான காக்காவிடம் கிளீனராக இருந்தவர். காக்கா வைத்திருந்த பாட ஒழுங்கை இவர் வாயால் கேட்டு நான் வரிசைப்படுத்தியிருக்கிறேன். முதலில் பாரத்தின் மேல் படங்கு விரித்துக் கட்டுவது. பிறகு மூட்டை அடுக்குவது. பிறகு சில்லுக் கழற்றி மாட்டுவது. பிறகு தட்டுவது. ஸ்டியரிங் கடைசி.

"தட்டத் தெரியாதவன் ஓட்டப்படாது" என்பாராம் காக்கா. "பின்னுக்கு நிக்கிறவனுக்கு என்ன தெரியிது எண்டு முன்னுக்கு இரிக்கிறவனுக்கு விளங்கணும்."

இவர் லைசன்ஸ் எடுத்த பிறகு, சம்மாந்துறை ஆலைகளில் அரிசி ஏற்றிக்கொண்டு இருவரும் கொழும்புக்குப் போய் வந்தார்கள். மலைப்பாதையில் காக்கா ஓட்டுவார். கொழும்புப் புறக்கோட்டையின் குறுகிய ஒழுங்கைகளுக்குள் பின்னுக்கு எடுக்கும் நேரம் வந்தால் ஸ்டியரிங்கை இவரிடம் கொடுத்துவிட்டு இறங்கிப் பின்னால் போய்விடுவார். "உனக்குக் கால் நல்லம், எனக்குக் கை நல்லம்" என்பது அவருடைய கணக்கு. அங்கே மூட்டை இறக்குகிற நாட்டாமைமார் பகிடி பண்ணுவார்களாம்: "என்ன காக்கா, உங்கட லொறிக்குக் கண் குண்டியிலயா?" காக்கா தட்டுவதை நிறுத்தாமல் சொல்வாராம்: "ஓம்டா, முன்னுக்கு இரிக்கிறது என்ட தம்பி. அவனுக்குக் கண் தேவையில்ல."

கலியாணம் முடிந்து எங்கள் வழக்கப்படி இவர் சாய்ந்தமருதில் எங்கள் வீட்டுக்கு வந்து குடியிருந்தார். பயணம் முடிந்து வரும்போது லொறியை எங்கள் ஒழுங்கைக்குள் பின்னுக்குத்தான் கொண்டு வருவார்கள், முன்னுக்கு வந்தால் திரும்ப இடமில்லை. லொறியின் இரைச்சலுக்கு முன்னமே தட்டுச் சத்தம் வரும். என் உம்மா அடுப்படியிலிருந்து சொல்லுவா: "மருமகன் வாறார். சோத்த இறக்கு புள்ள."

3

இங்குள்ள பயிற்சி வளவு பெரியது. தரையில் வெள்ளைக் கோடுகள், ஒரு பக்கம் சாமான் இறக்கும் சீமெந்து மேடை. லொறியைப் பின்னுக்கு எடுத்து அந்த மேடையோடு பொருத்த வேண்டும். பழக்குபவர் மார்க்குஸ் என்ற இளைஞர், என் கணவரை விட வயது குறைந்தவர், வாயில் எப்போதும் ஏதாவது மென்று கொண்டிருப்பார்.

மற்ற எல்லாவற்றிலும் இவர் முதலாள் என்று மார்க்குஸே சொன்னார். பாரம் கட்டுவது, நெடுஞ்சாலை, இஞ்சினின் சத்தத்தை வைத்தே பழுது சொல்வது. எழுத்துப் பரீட்சையிலும் ஒரேயடியாகச் சித்தியடைந்தார். அதற்கு எங்கள் மகள் ஷிப்னாதான் காரணம். ஏழு வயது. பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு அவளுடைய ஜெர்மன் எங்கள் இருவருடையதையும் தாண்டிப் போய்விட்டது. வாப்பாவின் கேள்விக் கொத்தை மடியில் வைத்து ஆசிரியை மாதிரி கேட்பாள். லொறியின் பின்னோரத்தில், எந்தக் கண்ணாடியிலும் விழாத ஓர் இடம் உண்டு. அதற்கு இவர்கள் மொழியில் என்ன பேர் என்று கேட்டோம். அவள் கொஞ்சம் யோசித்துத் தமிழில் சொன்னாள்: "செத்த மூலை."

இவர் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. எனக்கும் விளங்கியது. ஊரில் அந்த இடத்தில்தான் காக்கா நிற்பார்.

பின்னுக்கு எடுக்கிற பாடம் வந்ததும் இவர் அங்கேயே நின்றுவிட்டார். கியரை மாற்றுவார். ஜன்னல் கண்ணாடியை முழுக்க இறக்குவார். ஊர் லொறியில் சாரதி வலப்பக்கம் இருப்பார், இங்கே இடப்பக்கம். ஆனால் தலை இன்னமும் வலப்பக்கமே சாயும், ஒருவரும் இல்லாத பக்கத்து இருக்கையின் பக்கம். நாலடி வருவார், நிற்பார். மீண்டும் நாலடி வருவார், நிற்பார். வளவின் வேலிக்கு வெளியே நின்று பார்த்த எனக்கு, எதற்கு நிற்கிறார் என்று மார்க்குஸுக்கு முன்னமே தெரிந்தது.

"கண்ணாடியைப் பார்!" என்று மார்க்குஸ் கத்தினார். "காதால் பார்க்க முடியாது!"

முதல் பரீட்சையில் பரிசோதகர் குறிப்பேட்டில் எதையோ எழுதி, நேரம் முடிந்துவிட்டது என்றார். லொறி மேடைக்குப் பாதி தூரத்தில் நின்றது.

அந்தக் கிழமை மாமியோடு ரெலிபோனில் கதைத்தோம். மாமி என்றால் இவருடைய உம்மா. கல்முனையில் ஒரு கொம்யூனிகேஷன் கடைக்கு முன்கூட்டியே சொல்லி வைத்தால் ஆளனுப்பி அவவைக் கூட்டி வந்து வைத்திருப்பார்கள். பரீட்சை தவறிய கதையைச் சொன்னோம். மாமிக்கு நம்ப முடியவில்லை.

"பின்னுக்கு எடுக்கத் தெரியாதாமா? உனக்கா?"

"தட்ட ஆள் இல்ல உம்மா."

"ஏன் மகன், ஒருத்தன நிப்பாட்டித் தட்டச் சொல்லேலாதா? அவ்வளவு பெரிய நாட்டுல ஒரு ஆள் கிடைக்கல்லயா?"

"இஞ்ச அப்படி இல்ல உம்மா. தனியத்தான் எடுக்கணும்."

"என்ன நாடு அது" என்றா மாமி. "மனிசன மனிசன் பாக்காத நாடு."

பிறகு வழக்கமாகக் கேட்பதைக் கேட்டா: "காக்காட கதை ஏதும் அங்கால கேள்விப்பட்டியா மகன்?"

4

காக்கா கடைசியாகப் போனது மகள் பிறந்த கிழமை. தொண்ணூறாம் ஆண்டு, சண்டையால் பாதைகள் கெட்டிருந்த காலம். ஆலையில் அரிசி தேங்கிக் கிடந்தது, ஒரு லொறி போய் வந்துவிட்டது, இனிப் போகலாம் என்று கதை வந்தது. இவரும் போக வெளிக்கிட்டார். காக்கா விடவில்லை.

"நீ நில்லு. புள்ளைக்கு முடி இறக்கிப் பேர் வைக்கிற நாள்ல வாப்பா இல்லாம இரிக்கிறதா? நான் ஒராளக் கூட்டிட்டுப் போறன். ரெண்டு நாள்தானே."

லொறியும் வரவில்லை, ஆட்களும் வரவில்லை. எந்த இடத்தில் மறிக்கப்பட்டது, யார் மறித்தது என்பதற்கு ஊரில் இரண்டு மூன்று கதைகள் இருந்தன. ஒன்றுக்கொன்று பொருந்தாத கதைகள். பார்த்தவர் என்று ஒருவரும் இல்லை.

அதனால் எங்கள் வீட்டில் ஷிப்னாவின் பிறந்தநாள் வருவதும் போவதும் தெரியாது. பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகளுக்குக் கேக் வெட்டுவதைப் பார்த்துவிட்டு, தனக்கு ஏன் இல்லை என்று கேட்கிறாள். நாங்கள் முஸ்லிம்கள், வெட்டுவதில்லை என்று சொல்லி வைத்திருக்கிறேன். அந்தப் பதில் இன்னும் எத்தனை வருடம் தாங்கும் என்று தெரியாது. பெரிய வாப்பாவான காக்காவை அவளுக்குப் படத்தில்கூடத் தெரியாது. அவர் தன்னைப் படம் எடுத்துக்கொண்டதில்லை.

ஒவ்வொரு வருடமும் அந்த மாதம் வந்தால் கத்தம் ஓதுகிற லெப்பை மாமியின் வாசலுக்கு வருவார். மௌத்தானவருக்கு, அதாவது இறந்தவருக்கு, கத்தம் ஓதி நாலு பேருக்குச் சோறு கொடுப்பதுதான் முறை. அவர் வாய் திறக்க முன்னமே மாமி சொல்லிவிடுவா: "உசிரோட இரிக்கிறவனுக்கு ஆரும் கத்தம் ஓதுவாங்களா லெப்பை? தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க." லெப்பையும் குடித்துவிட்டுப் போவார்.

இவர் அதற்கு எதிராக ஒரு சொல் சொன்னதில்லை. ஆதரவாகவும் சொன்னதில்லை.

5

எனக்குத் தெரிந்த வழியில் உதவி செய்யப் பார்த்தேன். என்னுடைய படவரைஞர் சான்றிதழ் இங்கே ஓர் அலுவலகத்தில் மதிப்பீட்டுக்குக் கிடக்கிறது. அது வரும் வரை ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் விரிப்பு மடிக்கிறேன். வீட்டில் பெரிய தாளை விரித்து வளவை அளவுக்கு வரைந்தேன். மேடை, கோடுகள், லொறியின் நீளம், சில்லு திரும்புகிற வட்டம். தீப்பெட்டியை லொறியாக்கித் தள்ளிக் காட்டினேன்.

இவர் பொறுமையாகப் பார்த்தார். தீப்பெட்டியை வாங்கி ஒரே இழுப்பில் மேடையோடு சரியாகப் பொருத்தினார்.

"இது தெரியும் புள்ள."

"அப்ப ஏன் நிக்கிறீங்க?"

தீப்பெட்டியைத் திரும்பவும் கோட்டின் முதலில் கொண்டுபோய் வைத்தார். மகள் பக்கத்தில் இருந்தாள். அவளுக்கு இது விளையாட்டு. "வாப்பா, நான் தட்டுறன், நீங்க வாங்க" என்று மேசையில் இரண்டு தட்டுத் தட்டினாள். இவர் தீப்பெட்டியைப் பின்னுக்கு எடுத்தார். அவள் பலமாக ஒன்று தட்டினாள். நிறுத்தினார். அதன் பிறகு பல நாள் வாப்பாவும் மகளும் அதையே விளையாடினார்கள். காக்கா கற்றுக் கொடுத்த தட்டு எல்லாவற்றையும் இவர் அவளுக்குக் கற்றுக் கொடுத்தார். மகள் எங்களிடமிருந்து கற்றுக்கொள்ள விரும்பியது இந்த ஒன்றுதான் என்பதால் நான் தடுக்கவில்லை.

இரண்டாம் பரீட்சை பள்ளி விடுமுறையில் வந்தது. மகளையும் கூட்டிக்கொண்டு வேலிக்கு வெளியே நின்றேன். அங்கே பழைய இரும்பு போடுகிற பெரிய தகரப் பெட்டி ஒன்று இருந்தது. பரிசோதகர் லொறிக்குள் இவர் பக்கத்தில் இருந்தார். லொறி பின்னுக்கு வந்தது, நின்றது. மீண்டும் வந்தது, நின்றது. ஜன்னல் கண்ணாடி கீழே இறங்குவதைக் கண்டேன்.

"வாப்பா ஏன் நிக்கிறாங்க?" என்றாள் மகள். "ஆரும் தட்டல்லயா?"

நான் அவள் கையைப் பிடிக்க முன்னம் தகரப் பெட்டியில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டாள்.

லொறி வந்தது. சாய்ந்தமருது ஒழுங்கைக்குள் வருவது போல வந்தது, ஒரு கோடு விலகாமல். மகள் என் கைக்கு எட்டாமல் விலகி மெல்லத் தட்டிக்கொண்டே போனாள். பிறகு உள்ளங்கையை ஓங்கி ஒன்று. லொறி நின்றது. மேடைக்கும் லொறிக்கும் இடையில் ஒரு விரல் போகும், இரண்டு விரல் போகாது. மார்க்குஸ் மெல்லுவதை நிறுத்தியிருந்தார்.

பரிசோதகர் இறங்கி வந்தார். கோபப்படவில்லை. மகளிடம் குனிந்து, நன்றாகத் தட்டினாய் என்று சொன்னார். அவள் அதைச் சந்தோசமாக எனக்கு மொழிபெயர்த்தாள். பிறகு என்னிடம் ஆறுதலாகச் சொன்னார்: வெளியாள் உதவி. இதை நான் சித்தியென்று எழுத முடியாது. அடுத்த முறை, கடைசி முறை, வேலிக்குப் பக்கத்தில் ஒருவரும் நிற்கக்கூடாது.

"அவர் என்ன சொன்ன?" என்று இறங்கி வந்த இவர் கேட்டார். நான் சொன்னேன். இவர் மகளின் கையைப் பிடித்து உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். சிவந்திருந்தது.

"நல்லாத்தான் தட்டினாய்" என்றார். அதையே அந்த மனிதரும் சொன்னார் என்று மகள் சொன்னாள்.

6

கடைசிப் பரீட்சைக்கு முந்திய நாட்களில் எங்கள் வீட்டில் கதை குறைந்தது. வெளிநாட்டவர் அலுவலகம் கேட்கக்கூடிய கேள்விகள், திருப்பி அனுப்பினால் எடுத்துப் போக வேண்டிய சாமான்கள், மகளின் பள்ளிக்கூடத்துக்கு என்ன சொல்வது என்று மனதுக்குள் வரிசை போட்டுக்கொண்டிருந்தேன். எழுதினால் நடந்துவிடும் என்ற பயத்தில் எழுதவில்லை. சலவைக்கூடத்தில் விரிப்பு மடிக்கிற நேரங்களில் அந்த வரிசை தானாக நீண்டது.

ஒருநாள் இவர் அஸர் தொழுதுவிட்டுப் பாயிலேயே இருந்தார். நேரே கேட்டுவிட்டேன்.

"இஞ்சருங்க. காக்கா தட்டுவார் எண்டா நிக்கிறீங்க?"

"எனக்கென்ன பைத்தியமா?" என்றார். பிறகு சொன்னார்: "மண்டைக்குத் தெரியும் புள்ள. காலுக்குத் தெரியாது. தட்டுக் கேக்காம கால் பிரேக்க விடுகுதில்ல."

"காலுக்குச் சொல்லுங்க."

"சொன்னா என்ன அர்த்தம்?"

எனக்கு விளங்கியது. தட்டுக்குக் காத்திராமல் லொறியைப் பின்னுக்கு எடுத்தால், பின்னால் ஆள் இல்லை என்று இவரே சொன்னதாகிவிடும். ஏழு வருடமாக எங்கள் வீட்டில் ஒருவரும் சொல்லாததை இவர் கால் சொல்ல வேண்டியிருந்தது. இதைப் படமாக வரைய என்னிடம் தாள் இல்லை. தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன்.

பரீட்சை நாளில் நான் வேலைக்குப் போனேன். வேலிப்பக்கம் போகக்கூடாது, வீட்டில் இருக்கவும் ஏலாது. பகல் சாப்பாட்டு நேரம் இவர் சலவைக்கூடத்து வாசலில் வந்து நின்றார். முகத்தைப் பார்த்து எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

"சரி வந்திட்டு" என்றார்.

நான் அல்ஹம்துலில்லாஹ் என்றேன். அங்கிருந்த விரிப்பு மூட்டையின் மேல் இருந்துகொண்டேன். எப்படி என்று கேட்டேன்.

"ஜன்னல மூடிட்டன்" என்றார். "உள்ளுக்குள்ள காத்தாடியையும் கூட்டி விட்டன். ஆரும் தட்டினாலும் கேக்காத மாதிரி. மறுகா கண்ணாடியப் பாத்தன். கண்ணாடிக்குள்ள ஒருத்தரும் இல்ல. எடுத்தன்."

மார்க்குஸ் ஓடி வந்து கட்டிப்பிடித்தாராம். கூடப் பழகியவர்கள் 'கிழவா, கிழவா' என்று கத்தினார்களாம். இதைச் சொல்லும்போதும் இவர் சிரிக்கவில்லை. என் கையில் இருந்த விரிப்பின் ஓரத்தை மடிப்பதும் விரிப்பதுமாக இருந்தார்.

7

அந்தக் கிழமையே ரெலிபோன் எடுத்தோம். மாமி கடையில் காத்திருந்தா. பின்னால் பஸ் ஹோர்ன் கேட்டது, யாரோ தேத்தண்ணிக்குச் சத்தம் போடுவது கேட்டது. நானும் காதை ரிசீவரோடு ஒட்டி வைத்துக்கொண்டேன்.

இவர் சலாம் சொல்லி, பாஸ் என்றார். மாமி அழுதா, அல்லாஹ்விடம் துஆ கேட்டா, லைசன்ஸ் எப்போது கையில் வரும் என்று விசாரித்தா. கடைக்காரரிடம் திரும்பி, "என்ட மகன் ஜெர்மனியில பெரிய லொறி டைவர்" என்று சொல்வதும் கேட்டது. விசாவும் நீட்டுவார்கள் என்று இவர் சொன்னார். அதற்கும் துஆ கேட்டா.

பிறகு மாமி கேட்டா: "அப்ப கடைசியில ஒராளப் பிடிச்சிட்டாய் என்ன? ஆர் மகன் பின்னுக்கு நிண்டு தட்டின?"

"ஆரும் இல்ல உம்மா."

"ஆருமில்லாம எப்படி?"

"நானே பாத்து எடுத்தன். தனிய."

பஸ் ஒன்று உறுமிக்கொண்டு போய், அந்தச் சத்தமும் அடங்கியது. லைன் அறுந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். கடைக்காரர் "உம்மா, கதைங்க, காசு ஓடுது" என்று சொல்வது கேட்டது.

"தனிய எடுத்திட்டாய்" என்றா மாமி. அது கேள்வி இல்லை.

"ஓம் உம்மா."

பிறகு அவவுடைய குரல் மிகச் சாதாரணமாக, கடைக்குச் சாமான் சொல்லி அனுப்புவது போல வந்தது.

"அப்ப, லெப்பைக்குச் சொல்லட்டா மகன்?"

இவருடைய வாய் திறந்தது. ஓம் என்று சொல்லப் பார்த்தார். ரிசீவரை என் கையில் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றார். ஷிப்னா வாப்பாவுக்கு என்ன என்று கேட்டுக்கொண்டு பின்னால் போனாள். ரிசீவரில் மாமி மூச்சு விடுவது எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. பதில் சொல்ல எங்கள் வீட்டில் வேறு ஆள் இல்லை.

"சொல்லுங்க மாமி" என்றேன்.